மரம் வைக்கும் உரிமை

பங்குனி பிறந்துவிட்டால் வெள்ளிமலையில் என் வாடகை வீட்டின் பின்பக்கம் வேறு முகம் காட்டத் தொடங்கிவிடும். மார்கழியிலும் தையிலும் பந்தல் முழுக்கக் காய்த்துத் தள்ளிய அவரை இப்போது மஞ்சளாகிவிட்டது. முற்றிய நெற்றுகள் காற்றடிக்கும்போது சலசலக்கின்றன. விதைக்கு ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்தாயிற்று. தக்காளியில் இலைச்சுருள் வந்து நான்கு செடி போனது. கத்திரி மட்டும் அசராமல் நிற்கிறது. தையில் கவாத்து செய்த மல்லிச் செடிகள் புதுத் துளிர் விட்டு, துளிர் நுனியில் மிளகு அளவில் அரும்பு கட்டியிருக்கின்றன. இன்னும் பத்து நாளில் சாயங்காலம் ஒரு கை பூ பறிக்கலாம்.

கீழே கள்ளக்குறிச்சியில் காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். மலை மேல் விடியலில் இன்னமும் போர்வை வேண்டியிருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு மேல் இங்கேயும் மண் வெடிக்கத்தான் செய்கிறது. அதனால் காய்ந்த அவரைக் கொடியையும் புளிய இலைச் சருகையும் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பிவிட்டேன். தோட்டம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சென்ட் கூடத் தேறாது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதற்குள் கத்திரி, வெண்டை, பீர்க்கு, புளிச்சக்கீரை, ஒரு கறிவேப்பிலை, நான்கு மல்லி, வேலியோரம் கனகாம்பரம்.

கனகாம்பரம் எனக்குப் பிடித்த செடி. அதன் காய்ந்த விதைக்கூட்டில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். தண்ணீர் ஊற்றும்போது வேலியோரம் பொரி பொரிவது போலச் சத்தம் கேட்கும். சின்ன வயதில் அந்த விதைகளை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வெடிக்க விடுவோம். பீர்க்கம்பூ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் விரியும். பகலெல்லாம் வேலைக்குப் போய் வருகிற ஆளுக்காகவே படைத்த பூ போல, நான் களப்பணி முடிந்து வரும் நேரத்தில் மஞ்சளாகத் திறந்து நிற்கும். கறிவேப்பிலை பூத்திருக்கிறது. அதில் எந்நேரமும் வண்டுகள். தேன்சிட்டு ஒன்று செம்பருத்திக்கும் வேலிக்கும் பறந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் தோழர்கள், 'இவருக்கு என்ன ஆயிற்று, பூச்செடியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று நினைக்கலாம். களப்பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி நேரடியாகவே கேட்டாள்: "அக்கா, தோட்டம் போடுறதெல்லாம் இடம் இருக்கிறவங்க பொழுதுபோக்குத்தானே?" கேள்வி நியாயமானது. இடம் இருக்கிறவர்கள் என்ற அந்த இரண்டு சொல்லில்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது.

சமூகப் பணிக்கு வந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு குடியிருப்புக்குக் கணக்கெடுக்கப் போனால் முதலில் வீட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பேன். முன்பக்கம் வந்தவர்களுக்காக இருப்பது. பின்பக்கம்தான் குடும்பத்தின் உண்மை நிலை. அடுப்புச் சாம்பல், பாத்திரம் கழுவும் கல், கோழிக்கூடு, செடி. முதுகலையில் சமூகவியல் படித்தபோது வருமானம், கல்வி, தொழில் என்று கேள்வித்தாள் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பின்பக்கத்தில் என்ன நட்டிருக்கிறது என்ற கேள்வி எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு இப்போது அதுதான் முதல் கேள்வி.

ஏனென்றால் நட்டிருப்பது எது என்பது அந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. பட்டா உள்ள வீட்டில் தென்னை இருக்கும், மா இருக்கும், எலுமிச்சையோ நெல்லியோ இருக்கும். ஐந்து வருடம், எட்டு வருடம் கழித்துப் பலன் தருகிற மரங்கள். பட்டா இல்லாத வீட்டில் கீரை இருக்கும். கூரையில் பூசணிக்கொடி ஏறியிருக்கும். வெண்டை, செண்டுமல்லி, மிளகாய், நாலைந்து கொத்தவரை. எல்லாம் மூன்று மாதம், நான்கு மாதத்தில் கணக்கு முடிகிற பயிர்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படி நடுவதில்லை. நாளைக்கு ஜேசிபி வந்தால் எது போனால் தாங்கலாம் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. விலக்குகள் இருக்கின்றன. பட்டா இல்லாமலும் புளியமரம் வைத்த துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் விலக்குத்தான்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் பிறந்தது கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு காலனியில். கல்வராயன் மலை எங்கள் வாசலில் நின்றால் நீலமாகத் தெரியும். எங்கள் வரிசை வீடுகளின் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதற்கு அப்பால் ஊர்க்காரர் ஒருவரின் கரும்புக் காடு. அந்தப் பத்தடி நத்தமா, அவர் பட்டாவில் சேர்ந்ததா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அவர் தன்னுடையது என்றார். அவர் சொன்னதே அளவாக இருந்தது.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒரு முருங்கைப் போத்தைக் கொண்டுவந்து அங்கே நட்டார். சாணி உருண்டையை நுனியில் வைத்து, அம்மா பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியில் நட்டார். மூன்றாம் வாரம் துளிர்த்தது. அதற்கடுத்த வாரம் அந்த நிலக்காரரின் மகன் வந்தார். அவருக்கு இருபது வயது இருக்கும். அப்பாவுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. "என்னடா, மரம் வைக்கிறியா? கீரை போட்டுக்க, கொடி ஏத்திக்க, நான் வேணாம்னா சொன்னேன்? மரம் வச்சா நாளைக்கு இடமே என்னுதும்ப" என்று சொல்லிக்கொண்டே போத்தைப் பிடுங்கி வரப்பில் போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அந்தக் காட்டிலேயே கரும்பு வெட்டக் கூலிக்குப் போக வேண்டியிருந்தது.

பிடுங்கியவர் சட்டத்தைப் படித்தவர் அல்ல. ஆனால் மரம் என்றால் என்ன என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கீரை என்பது அனுமதி. மரம் என்பது உரிமை. இந்த வேறுபாட்டை எனக்கு எந்தப் பேராசிரியரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

இது ஏதோ ஒரு காலனியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு நூறாண்டுக்கு மேலான வரலாறு இருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்கீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்று நாம் பேசுகிறோம். பஞ்சமி என்றதும் நமக்கு ஏக்கர் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்துச் சிக்கலில் வீட்டு மனைக்கும் பெரிய இடம் இருந்தது. குடிசை நிற்கிற மண்ணே மிராசுதாரருடையது என்றால், கூலி உயர்த்திக் கேட்டவனை வயலிலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தும் துரத்திவிடலாம். மனை என்பது கடிவாளம். அந்தக் கடிவாளத்தின் இன்னொரு முனையைத்தான் எங்கள் பின்பக்கத்தில் அந்த இருபது வயதுக்காரர் பிடித்திருந்தார்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டதற்கும் சங்கமாகச் சேர்ந்ததற்கும் கிடைத்த தண்டனை அது. மூன்றாண்டு கழித்து, 1971-இல், தமிழ்நாடு குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். அதற்கு முன் 1961-இல் வந்த சட்டம் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு மட்டும்தான் கொடுத்தது. விரட்ட முடியாது என்பதற்கும் சொந்தம் என்பதற்கும் இடையில் பத்தாண்டு ஆகியிருக்கிறது. கீரைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள தூரம் அது.

இன்று ஆதிதிராவிடர் நலத்துறை கிராமப்புறத்தில் கொடுக்கும் இலவச மனை 3 சென்ட். ஏறக்குறைய 1,306 சதுர அடி. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி. கணக்குப்படி 900 சதுர அடிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, இரண்டு வாழை, ஒரு கீரைப்பாத்தி, நான்கு மல்லி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த 3 சென்டில் இன்று மூன்று மகன்களின் குடும்பம் இருக்கிறது. தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த தலைமுறை அடுப்பு மூட்டியிருக்கிறது. ஊர்த்தெருவில் அண்ணன் தம்பி பிரிந்தால் பக்கத்தில் ஒரு மனை வாங்கிக் கட்டுகிறார்கள். காலனியில் பிரிந்தால் சுவர்தான் எழும்புகிறது. காலனியைச் சுற்றியுள்ள நிலம் நமக்கு விற்கப்படுவதில்லை என்பதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

மலைக்கு வேலைக்கு வந்த பிறகு இதே கதையை வேறு வடிவத்தில் பார்த்தேன். கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் அரசுப் பதிவேட்டில் 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பெயரில்தான் ஆட்சி. 1976-இல் அரசு கையில் எடுக்கும்வரை இந்த மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சுதந்திரம் வந்து 29 ஆண்டுகள் ஆன பிறகு! வரியும் கூலியில்லாத கட்டாய உழைப்பும் அதுவரை நடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகுதான் கல்வராயன் மலை செய்தியில் அடிபட்டது. அப்போது சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்து வழக்கு எடுத்தது. சாராயம் காய்ச்சும் மலை என்று தொலைக்காட்சிகள் சொன்னதைக் கேட்டவர்கள், இங்கே சாமையும் மரவள்ளியும் விளைவதை, புளியும் கடுக்காயும் சுமந்து இறங்கும் பெண்களை, பங்குனியில் மலையெங்கும் தொங்கும் பலாப்பிஞ்சைப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆயா இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். அவர் வீட்டுப் பின்னால் ஒரு கிழட்டுப் பலா. இந்த மாதம் அதன் அடிமரத்திலிருந்தே பிஞ்சு தள்ளுகிறது. ஒருநாள் காலையில் அந்த ஆயா பலாக்கொட்டை ஒன்றைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். "ஆயா, இது காய்க்க எத்தினி வருஷம் ஆகும்?" என்று கேட்டேன். "ஏழெட்டு வருசம் ஆகும் கண்ணு" என்றார். கேள்வியின் உள்ளர்த்தம் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தார். "நான் சாப்பிடவா வைக்கிறேன்? இந்தக் கெழ மரத்த எங்க மாமனார் வச்சாரு. அவரு ஒரு சுளை திங்கல. யாராச்சும் வந்து இது உன் எடமான்னு கேட்டா, மரத்தக் கேளுன்னு சொல்லுவேன்."

மரத்தைக் கேள். வன உரிமைச் சட்டத்தைப் பற்றி நாங்கள் நடத்திய எத்தனையோ பயிற்சிகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் குடியிருந்தோ உழுதோ வந்த பழங்குடியினர், அந்த நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். சான்றாக என்ன கொடுக்கலாம் என்று விதிகளில் பட்டியல் இருக்கிறது. வீடு, குடிசை, நிலத்தைச் சமப்படுத்தியது, வரப்பு கட்டியது போன்ற நிலையான மேம்பாடுகள் சான்று. ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் சான்று. காகிதம் இல்லாத மக்களுக்காக எழுதிய விதி இது. அந்தப் பலா எப்போது நடப்பட்டது, யார் நட்டார், அதன் நிழலில் யார் வீடு கட்டினார் என்று அந்த ஆயா சொல்லச் சொல்ல எழுதினால் அது ஒரு சான்றாவணத்தின் பகுதி. எழுதாமல் விட்டால் அது வெறும் பலாப்பழக் கதை.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். மல்லி அரும்பு கட்டும் இந்த வாரங்களில் என் தோட்டத்துக்கு நாளைக்கு ஆறு குடம் தேவைப்படுகிறது. காலையில் மூன்று, மாலையில் மூன்று. எனக்கு வாசலிலேயே குழாய் இருக்கிறது. எங்கள் காலனியில் கோடை வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அம்மா ஒவ்வொரு குடத்துக்கும் மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார். குடிக்க இரண்டு, சோறு பொங்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று. செடியின் முறை வரும்போது குடம் காலி. அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பாத்திரம் கழுவின தண்ணீரிலும் குளித்த தண்ணீரிலும் பிழைக்கிற செடிகளாகப் பார்த்து வைக்கிறார்கள். வாழை, சேம்பு, கீரை. இதை இன்று 'கழிவுநீர் மறுபயன்பாடு' என்று நகரத்தில் வகுப்பெடுக்கிறார்கள். எங்கள் பெண்களுக்கு அது வகுப்பல்ல, நிர்ப்பந்தம்.

பங்குனி, சித்திரை என்பது நம் அரசியலில் தண்ணீரின் பருவம். அம்பேத்கர் மகாட் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20 அன்று. கோடை தொடங்கும் நேரம். ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் அவர் படத்துக்கு மாலை போடும்போது, அந்த மாலைப் பூ எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 95 ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது.

1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்தவர்களும் மலையாளிப் பழங்குடிகள்தான். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல் வந்த தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டனை பெற்றார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தாக்குதலில் வீட்டை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்று நீரைக் கெடுத்தார்கள். மக்களை ஓர் இடத்திலிருந்து வேரோடு பிடுங்க வேண்டுமென்றால் அவர்கள் சாப்பிடுவதையும் குடிப்பதையும் அழிக்க வேண்டும் என்று அடிப்பவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

கடல் தாண்டினாலும் நம் மக்களின் கதை இதுதான். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருநூறு ஆண்டுகளாக லயன் அறைகளுக்கு முன்னும் பின்னும் காய்கறிப் பாத்தி போட்டு வருகிறார்கள். பாத்தி அவர்களுடையது, மண் தோட்ட நிர்வாகத்தினுடையது. தனி வீட்டுக்கு 7 பர்ச்சஸ் நிலம், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி, என்பதே அங்கே நெடுநாள் கோரிக்கையாகவும் திட்டமாகவும் இருந்தது. கரீபியன் தீவுகளில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் தங்களுக்கு ஒதுக்கிய துண்டு நிலத்தில் கிழங்கும் காயும் விளைவித்து ஞாயிற்றுச் சந்தையில் விற்றதை மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உடலே சொந்தமில்லை என்று சொல்லப்பட்ட மனிதர்கள் அந்தத் துண்டு மண்ணில் எதை எப்போது நடுவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். அடுத்தமுறை யாராவது தோட்டம் சொகுசு என்று சொன்னால் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவின் முருங்கைக்கு வருகிறேன். அப்பா இறந்த பிறகு, ஆறேழு வருடத்துக்கு முன்பு, அம்மா ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, மண்ணும் சாணியும் போட்டு அதில் முருங்கைப் போத்தை நட்டார். "ஏம்மா டிரம்ல வைக்கிற, முருங்கை எப்படி வரும்?" என்று கேட்டேன். "டிரம்முல இருந்தா அது செடி பாப்பா, மரம் இல்ல. யாரும் கேட்க முடியாது" என்றார். ஆறேழு வருடமாக அது குட்டையாக நின்று கீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பங்குனியில் ஊருக்குப் போனபோது அது தலை நிறையப் பூத்திருந்தது. எப்படி என்று பார்க்க டிரம்மை அசைத்தேன், அசையவில்லை. அடிப்பக்கம் விரிந்து, கட்டைவிரல் பருமனில் வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியுமே. ரெண்டு வருசமா அது டிரம்முலயா இருக்குது?" என்றார்.

போன வருடம் எங்கள் வரிசைப் பெண்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு, அந்தப் பத்தடியை அளந்து காட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் அளக்க யாரும் வரவில்லை. நினைவூட்டல் இரண்டு போயிருக்கிறது. மூன்றாவது இந்த வாரம் போகிறது. முருங்கை காய்க்கும்போது அளவை நடக்குமா என்று தெரியாது. நடக்கிற அன்றைக்கு அந்த மரம் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

களத்துக்குப் போகிற இளம் தோழர்களுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

கணக்கெடுப்புக்குப் போனால் பின்பக்கத்தையும் எழுதுங்கள். என்ன மரம், யார் நட்டது, எந்த வருடம், எவ்வளவு சுற்றளவு. வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். 'பெரியவன் பொறந்த வருசம் வச்சது' என்பார்கள். பையனின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் மரத்தின் வயது கிடைத்துவிடும். மரத்தோடு குடும்பத்தையும் சேர்த்துத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். அந்தக் கோப்பின் ஒரு நகல் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

நிலம் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் அடங்கலும் இருக்கின்றன. நத்தமா, புறம்போக்கா, தனியார் பட்டாவா, வன நிலமா என்பதைப் பொறுத்துத்தான் போராட்டத்தின் வழி அமையும். நத்தம் என்பது குடியிருப்புக்கென்றே விட்ட நிலம், அதில் குடியிருப்பவர் ஆக்கிரமிப்பாளர் அல்ல. புறம்போக்கில் இருப்பவர்களுக்கு 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் 'பி மெமோ' வந்திருக்கலாம். பயந்து கிழித்துப் போடுகிறார்கள். கிழிக்க விடாதீர்கள். இத்தனை வருடமாக இவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த சாட்சி அது. அரசு நிலத்திலுள்ள மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்கக் கொடுக்கும் '2சி பட்டா' என்ற ஒன்றும் வருவாய்க் கணக்கில் உண்டு. அது நிலவுரிமை ஆகாது. ஆனாலும் எத்தனை காலனியில் அதன் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

யாராவது செடியைப் பிடுங்கினால், கொடியை அறுத்தால், காயைப் பறித்துக்கொண்டு போனால் அதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(ஜி) என்ற பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நிலத்திலிருந்தும் இருப்பிடத்திலிருந்தும் முறைகேடாக வெளியேற்றுவது, நிலம், நீர், பாசனம் மீதான அவர்கள் உரிமையில் தலையிடுவது, அவர்கள் பயிரை அழிப்பது, விளைச்சலை எடுத்துச் செல்வது எல்லாம் அதன்படி அந்தச் சமூகங்களைச் சேராதவர் செய்தால் குற்றம். 2015-இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் வாசகம் இது. என் அப்பாவின் முருங்கைப் போத்துக்கு அன்று இந்த வாசகம் கிடைக்கவில்லை. நீங்கள் பார்க்கப் போகும் வீடுகளுக்கு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீங்கள் வாடகை வீட்டிலோ விடுதியிலோ இருந்தாலும் ஏதாவது ஒன்றை வளர்த்துப் பழகுங்கள். ஒரு செடிக்கு நாளைக்கு எத்தனை குவளை தண்ணீர் வேண்டும், எத்தனை நாள் ஊற்றாவிட்டால் வாடும் என்று கைக்குத் தெரிந்திருந்தால், கோடையில் காலனிக்குப் போய் 'தண்ணீர் வசதி உண்டா, இல்லையா' என்று கட்டத்தில் டிக் அடிக்க மனம் வராது. இன்னும் நான்கு கேள்வி கேட்பீர்கள். என்னிடம் அவரை விதை ஒரு டப்பா இருக்கிறது, வெள்ளிமலைப் பக்கம் வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். ஆடியில் விதைத்தால் தைக்குக் காய்க்கும். இடம் உங்களுடையதாக இருந்தால் பக்கத்தில் ஒரு மரமும் வையுங்கள். இடம் யாருடையது என்ற வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மரத்தை முதலில் வையுங்கள்.